டெட்லாக் அழைப்பு: நண்பர் பட்டியல் வழியே ஒரு பீட்டா பரவிய கதை

2024 மே மாதம் வால்வ் நிறுவனத்தின் புதிய விளையாட்டு ஒன்றின் படங்கள் கசிந்தன. பெயர் டெட்லாக். நிறுவனம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வால்வின் விளையாட்டுக் கடைத் தளமான ஸ்டீமில் அதற்கென்று பொதுப் பக்கம்கூடக் கிடையாது. ஆனால் ஆகஸ்டில் ஒரே நேரத்தில் கிட்டத்தட்ட 90,000 பேர் அதை விளையாடிக்கொண்டிருந்தார்கள். விளம்பரம் இல்லை, பெயர் கொடுத்துக் காத்திருக்க ஒரு படிவமும் இல்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவர் தன் ஸ்டீம் நண்பர் பட்டியலில் இருக்கும் இன்னொருவரை அழைக்க வேண்டும். மற்றவர்கள் உள்ளே வர அது ஒன்றுதான் வழி.

வரப்போகும் விளையாட்டின் பீட்டா (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) இடங்கள் கொஞ்சமாகவும் ஆசைப்படுகிறவர்கள் ஏராளமாகவும் இருக்கும்போது, ஒரு விளையாட்டுக் குழு அந்த இடங்களை எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறது? இதைப் பேச டெட்லாக் மாதிரி நல்ல எடுத்துக்காட்டு அண்மையில் வரவில்லை. ஆனால் அதைத் தனியாகப் பார்த்தால் பாதிதான் புரியும். இதே வால்வ் 2011 முதல் டோட்டா 2-க்குச் செய்ததையும், 2020-ல் ரயட் கேம்ஸ் வாலரண்ட்டுக்குச் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றிலும் பற்றாக்குறை ஒரே மாதிரிதான். இடம் கைமாறிய விதம்தான் வேறு வேறு. எத்தனை இடம் இருக்கிறது என்பதைவிட, அது எதன் வழியாகக் கைமாறுகிறது என்பதுதான் ஒரு குழுவுக்குள் நட்பு வளருமா, வியாபாரம் வளருமா என்பதை முடிவு செய்கிறது என்பது என் கருத்து.

இடம் ஏன் குறைகிறது?

வேண்டுமென்றே ஆசையைக் கிளப்பத்தான் இடத்தைக் குறைக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. இன்னும் உருவாக்கி முடிக்காத விளையாட்டில் தினமும் ஏதாவது உடையும். ஒரு பிழை பத்தாயிரம் பேரிடம் தெரிந்தால் போதும், பத்து லட்சம் பேரிடம் தெரியத் தேவையில்லை. சர்வர் செலவு இருக்கிறது. முதல் தடவை விளையாடும்போது கிடைக்கிற கசப்பு ஒருவர் மனதில் பல வருடம் நிற்கும், அதனால் எல்லாரையும் முதல் நாளே உள்ளே விட எந்த நிறுவனமும் தயங்கும்.

அதே சமயம் ஆள் ரொம்பக் குறைந்தாலும் ஆபத்து. டெட்லாக்கில் ஒரு மேட்சுக்கு 12 பேர் வேண்டும், ஆறுக்கு ஆறு. வாலரண்ட், டோட்டா 2 இரண்டிலும் 10 பேர். இந்தப் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில், பக்கத்துப் பக்கத்து நாடுகளில், ஓரளவு ஒரே திறமையோடு இருக்க வேண்டும். ஆயிரம் பேருக்கு இடம் கொடுத்தாலும், அவர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் நள்ளிரவில் மேட்ச் கிடைக்காது.

இதனால்தான் குழுவாக விளையாடும் விளையாட்டில் பீட்டா இடத்தைப் பகிர்வது பெருந்தன்மை மட்டும் இல்லை, தேவையும்கூட. தனியாக விளையாடும் ஒன்றுக்கு எனக்கு இடம் கிடைத்தால் எனக்கு மகிழ்ச்சி, கதை முடிந்தது. ஆறு பேர் சேர்ந்து ஆடுவதில் எனக்கு மட்டும் கிடைத்தால், முகம் தெரியாத ஐந்து பேரோடு மைக்கை அணைத்துவிட்டு ஆட வேண்டியதுதான். உள்ளே போனவருக்குத்தான் தன் கூட்டாளிகள் உள்ளே வர வேண்டும் என்ற தவிப்பு முதலில் வரும். மூன்று விளையாட்டுகளில் எது இந்தத் தவிப்பைப் பயன்படுத்திக்கொண்டது, எது கண்டுகொள்ளவில்லை என்பதில்தான் வித்தியாசமே.

டோட்டா 2: அழைப்பு ஒரு பொருளானபோது

2011 ஆகஸ்டில் ஜெர்மனியின் கொலோன் நகரில், கேம்ஸ்காம் கண்காட்சியில், வால்வ் டோட்டா 2-க்கான முதல் இன்டர்நேஷனல் போட்டியை நடத்தியது. முதல் பரிசு 10 லட்சம் டாலர். உக்ரைனின் நாவி அணி வென்றது. வெளிவராத விளையாட்டுக்கு அவ்வளவு பரிசா என்று உலகமே திரும்பிப் பார்த்தது. வார்கிராஃப்ட் 3-ன் பழைய டோட்டாவைப் பிரவுசிங் சென்டரில் ஆடி வளர்ந்த ஆசிய இளைஞர்களுக்கு அது தங்கள் விளையாட்டின் அடுத்த பிறவி. எல்லாருக்கும் உடனே உள்ளே போக வேண்டும்.

ஸ்டீமில் ஒரு சின்னக் கேள்வித்தாளை நிரப்பிவிட்டுக் காத்திருக்கலாம். வராமலே போகவும் வாய்ப்புண்டு. இன்னொரு வழி, ஏற்கெனவே உள்ளே இருப்பவர் தரும் அழைப்பு. வால்வ் ஆட்டக்காரர்களுக்குக் கூடுதல் அழைப்புகளைக் கொடுத்தது. அவை ஸ்டீம் இன்வென்டரியில் (கணக்கில் இருக்கும் பொருட்களின் பெட்டி) பரிசுப் பொருளாக வந்து உட்காரும். ஒருவருக்கு அனுப்பலாம். அதே 2011-ல் ஸ்டீம் டிரேடிங் வந்திருந்ததால் பண்டமாற்றும் செய்யலாம்.

அந்தக் கடைசி வசதிதான் எல்லாவற்றையும் மாற்றியது. அப்போது டிரேடிங்கில் வால்வின் இன்னொரு விளையாட்டான டீம் ஃபோர்ட்ரஸ் 2-ன் பெட்டி திறக்கும் சாவிதான் நாணயம் மாதிரி. கடையில் ஒரு சாவி 2.49 டாலர். எல்லாருக்கும் அதன் மதிப்பு தெரியும் என்பதால் எதையும் சாவிக் கணக்கில் பேசுவார்கள். டோட்டா 2 அழைப்பும் அந்தச் சந்தைக்குள் வந்து விழுந்தது. ஆரம்பத்தில் ஒரு அழைப்புக்குப் பல சாவி கேட்டார்கள். டோட்டாவைத் தொட்டே பார்க்காத வியாபாரிகள் அழைப்புகளைச் சேர்த்து வைத்தார்கள். நண்பனுக்குக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தவருக்கும், இதை விற்றால் இவ்வளவு வருமே என்ற எண்ணம் வராமல் இருக்காது. சும்மா கொடுப்பது திடீரென்று நஷ்டக் கணக்காகத் தெரிய ஆரம்பித்தது.

அப்புறம் சர்வர்கள் பெருகப் பெருக வால்வ் அழைப்புகளை அள்ளிக் கொடுத்தது. 2012 ஜூனில் டோட்டா 2 கடை திறந்தபோது, காசு கொடுத்தே உள்ளே வர 39.99 டாலரில் ஒரு தொகுப்பும் வந்தது. இன்னொரு பக்கம் பழைய ஆட்டக்காரர்களின் இன்வென்டரியில் அழைப்புகள் குவிந்து, வாங்க ஆள் இல்லாமல் போனது. கடைசியில் யாருக்காவது வேண்டுமா என்று கேட்டுக் கேட்டுச் சும்மா கொடுத்தார்கள். 2013 ஜூலை 9 அன்று விளையாட்டு அதிகாரப்பூர்வமாக வெளியானது. எல்லாருக்கும் இலவசம்.

பேராசைப்படும் மனிதர்கள் எல்லா இடத்திலும் இருப்பார்கள். ஆனால் அழைப்பை விலை பேசக்கூடிய பொருளாக வடிவமைத்தது நிறுவனம். வடிவம் அப்படி இருக்கும்போது, எவ்வளவு நல்ல குழுவிலும் சந்தை வாடை அடிக்கத்தான் செய்யும்.

வாலரண்ட்: பார்த்தால் கிடைக்கலாம்

2020 ஏப்ரல் 7. கொரோனா ஊரடங்கில் உலகம் வீட்டுக்குள் இருந்த நேரம். ரயட் கேம்ஸ் வாலரண்ட்டின் மூடிய பீட்டாவை அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, ரஷ்யா, துருக்கி ஆகிய இடங்களில் திறந்தது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. உள்ளே போக ரயட் கணக்கை ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தின் கணக்கோடு இணைத்து, குறிப்பிட்ட ஸ்ட்ரீம்களைப் பார்க்க வேண்டும். ஓடும் ஸ்ட்ரீமைப் பார்ப்பவர்களில் சிலருக்கு ட்ராப், அதாவது உள்ளே போகும் அனுமதி, விழும். இரண்டு மணி நேரம் பார்த்தால் தகுதி வரும். அதற்கு மேல் பார்த்தால் வாய்ப்பு கூடும், ஆனால் நேரம் ஏற ஏற அந்தக் கூடுதல் குறைந்துகொண்டே போகும் என்று ரயட் விளக்கியது.

முதல் நாளிலேயே ட்விட்ச்சில் ஒரே நேரத்தில் 17 லட்சம் பேர் வாலரண்ட் பார்த்தார்கள். ஒரு நாளில் பார்க்கப்பட்ட நேரம் மொத்தம் 3.4 கோடி மணி. விளம்பரமாகப் பார்த்தால் இது மாபெரும் வெற்றி, சந்தேகமே இல்லை. ஆனால் பார்த்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் பார்த்தார்கள்? ஒலியை அணைத்து, ஒரு ஓரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போனவர்கள் ஏராளம். ஸ்ட்ரீமர்கள் பக்கமும் அதே கதை. சிலர் தூங்கும்போது தங்கள் பழைய ஒளிப்பதிவையே நேரலை என்ற பெயரில் 24 மணி நேரமும் ஓட விட்டார்கள். ட்ராப் போன்ற வெகுமதி ஏற்பாடுகளை ஏமாற்றுவது விதிமீறல் என்று ட்விட்ச் தன் விதிகளில் எழுத வேண்டி வந்தது.

இங்கே கீ (விளையாட்டைத் திறக்கும் குறியீடு) என்று ஒன்று கைக்கு வருவதே இல்லை. அனுமதி நேராக ரயட் கணக்கில் ஏறிவிடும். டோட்டாவில் நடந்த மாதிரி அழைப்பு வியாபாரம் நடக்காது என்று தோன்றும். நடந்தது வேறு: அழைப்பை விற்க முடியாததால் கணக்கையே விற்றார்கள். பாட் (தானாக இயங்கும் நிரல்) வைத்து நூற்றுக்கணக்கில் கணக்குகளை ஸ்ட்ரீம் பார்க்க வைத்து, ட்ராப் விழுந்ததை விலைக்குப் போட்டார்கள். அப்படி விற்கப்படும் கணக்குகளைத் தடை செய்வோம் என்று ரயட் அறிவித்தது. விற்றவருக்குப் பணம் ஏற்கெனவே வந்துவிட்டது, வாங்கியவர்தான் மாட்டிக்கொண்டார்.

இந்த ஏற்பாட்டில் என்னை உண்மையிலேயே வருத்துவது வேறொன்று. ட்ராப் கிடைத்தவர் தன் கூட்டாளியை உள்ளே கூட்டிவர வழியே இல்லை. ஐந்து வருடமாகச் சேர்ந்து கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடும் ஐவரில் இரண்டு பேருக்குக் கிடைத்து மூன்று பேருக்குக் கிடைக்காவிட்டால், அந்த மூவரும் அந்த இருவர் ஆடுவதை ஸ்ட்ரீமில் பார்த்துக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும். கிடைத்தவர்மேல் பொறாமை, கிடைக்காதவரை நினைத்துக் குற்றவுணர்வு. பகிரவே முடியாத ஒன்றைக் குழுவுக்குள் போட்டால் அது குழுவைப் பிரிக்கத்தான் செய்யும். பீட்டா மே 28 அன்று முடிந்து, ஜூன் 2 அன்று விளையாட்டு வெளிவந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்பதால் காயம் பெரிதாகவில்லை.

டெட்லாக்: யாருடைய நண்பர் நீங்கள்?

இப்போது டெட்லாக்குக்கு வருவோம். உள்ளே இருப்பவர் விளையாட்டைத் திறந்தால், நண்பரை அழைக்க ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் அவருடைய ஸ்டீம் நண்பர் பட்டியல் வரும். ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். அழைப்பு உடனே போய்ச் சேராது. சிலருக்குச் சில மணி நேரம், சிலருக்குச் சில நாள். வால்வ் அவற்றைத் தொகுதி தொகுதியாக விடுவித்தது. குழாய் அவர்கள் கையில், யாருக்கு என்பது மட்டும் ஆட்டக்காரர் கையில்.

இதில் கவனிக்க வேண்டியது, கைமாற்ற ஒரு பொருளே இல்லை என்பது. இன்வென்டரியில் வராது, 15 எழுத்துக் கீயாக நகலெடுக்க முடியாது. ஒரு கணக்கு இன்னொரு கணக்கை நண்பராக ஏற்றிருந்தால்தான் அழைப்பே போகும். அப்படியும் காசுக்கு விற்றவர்கள் உண்டு. வாங்குபவரை நண்பராகச் சேர்த்து, பணம் வாங்கிக்கொண்டு அழைப்பை அனுப்புவார்கள். ஆனால் அதைச் சேர்த்து வைக்க முடியாது, இன்னொருவருக்கு மறுவிற்பனை செய்ய முடியாது. டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் போய் நண்பர் குறியீட்டைக் கொடுத்தால் யாரோ ஒருவர் சும்மாவே அழைக்கும்போது, காசு கொடுக்கிறவர் எத்தனை பேர்? சந்தை பெரிதாகும் முன்பே மெலிந்துபோனது.

பரவும் வேகத்தையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதலில் ஆயிரம் பேர் இருந்து, ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை இரட்டிக்கிறது என்று வையுங்கள். எட்டுச் சுற்றில் 2,56,000 பேர். எல்லாரும் பத்துப் பேரை அழைக்க வேண்டியதில்லை, ஆளுக்கு ஒருவரை அழைத்தால் போதும். அழைப்பதற்குக் காரணமும் தயாராக இருந்தது. ஆறு பேர் அணிக்கு ஆள் வேண்டும். வாலரண்ட்டில் வீணாய்ப் போன அந்தத் தவிப்பு இங்கே எஞ்சினாக வேலை செய்தது. புதிதாக வருபவருக்குச் சொல்லிக் கொடுக்கவும் அழைத்தவரே பக்கத்தில் இருந்தார். டெட்லாக் சுலபமான விளையாட்டு இல்லை. துப்பாக்கிச் சண்டை ஒரு பக்கம், டோட்டா போல வரிசை வரிசையாக வரும் துருப்புகள் ஒரு பக்கம், கடையில் நூற்றுக்கும் மேல் பொருட்கள், தலைக்கு மேலே ஜிப்லைன். தனியாக வந்து விழுகிறவர் முதல் மேட்சிலேயே ஓடிவிடுவார். கூட்டிவந்தவர் பக்கத்தில் இருந்தால் இன்னொரு மேட்ச் இருப்பார்.

எஸ்கேப் பொத்தான் சம்பவம்

உள்ளே நுழைந்தவுடன் ஒரு அறிவிப்பு வரும். இது ஆரம்பநிலை உருவாக்கம், தற்காலிகப் படங்களும் சோதனை முயற்சிகளும் நிறைந்தது, இதைப் பற்றி யாரிடமும் எதையும் பகிர வேண்டாம் என்று அதில் இருந்தது. ஒப்பந்தம் கிடையாது, கையெழுத்து கிடையாது.

2024 ஆகஸ்டில் தி வெர்ஜ் என்ற செய்தித் தளத்தின் செய்தியாளர் ஒருவர் தன் டெட்லாக் அனுபவத்தைப் படங்களோடு எழுதினார். தான் எந்த ரகசிய ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை என்றும், அந்த அறிவிப்பில் ஓகே அழுத்தாமல் எஸ்கேப் அழுத்தி உள்ளே போனதாகவும் சொன்னார். பிறகு அவரால் மேட்ச் தேட முடியாதபடி தடை வந்தது. ஆட்டக்காரர்களிடையே பெரிய வாக்குவாதம். ஆயிரக்கணக்கானோர் ஆடும்போது இதில் என்ன ரகசியம், ஊரறிந்த ரகசியம்தானே என்றது ஒரு தரப்பு. நம்பி உள்ளே விட்டவர்களை ஏமாற்றிவிட்டார் என்றது இன்னொரு தரப்பு.

செய்தியாளராக அவர் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். இத்தனை பேர் ஆடும் ஒன்று செய்திதான், அதை எழுதுவது அவர் வேலை. ஆனால் ஒரு குழுவின் வழியே உள்ளே போகிற சாதாரண ஆட்டக்காரருக்கு இந்த வாதம் பொருந்தாது. அவருடைய அழைப்பு இன்னொருவரின் பெயரில் வந்தது. நாளைக்கு அவர் ஒரு படத்தைப் போட்டு, அழைத்தவருக்குச் சிக்கல் வந்தால் என்ன செய்வது? ஓகேயா எஸ்கேப்பா என்பதைவிட, தன்னைக் கூட்டிவந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டாரா என்பதுதான் அங்கே முக்கியம். தவறான ஆளை உள்ளே விட்டோமா என்று அழைத்தவரும் யோசிப்பார். நண்பர் வழி அழைப்பில் மட்டும்தான் இந்தப் பொறுப்பு எழுகிறது. டோட்டா 2 அழைப்பை மூன்று சாவிக்கு வாங்கியவர் விற்றவருக்கு எதற்கும் கடமைப்பட்டவர் இல்லை.

ஆகஸ்ட் 23 அன்று வால்வ் ஸ்டீம் பக்கத்தைத் திறந்தது, பேசவும் ஸ்ட்ரீம் செய்யவும் இருந்த தடையை விலக்கியது. உள்ளே வரும் வழி மட்டும் மாறவில்லை, நண்பர் அழைப்புதான். செப்டம்பரில் ஒரே நேர உச்சம் 1,71,000-ஐத் தாண்டியது.

கூட்டம் சேர்ந்ததும் ஏமாற்றுக்காரர்களும் வந்தார்கள். செப்டம்பர் கடைசியில் வால்வ் ஒரு வழி கொண்டுவந்தது. ஒருவர் ஏமாற்று மென்பொருள் பயன்படுத்துவது பிடிபட்டால், எதிரணி வாக்களிக்கலாம்: அவரை உடனே வெளியேற்றுவதா, அல்லது மீதி ஆட்டம் முழுக்கத் தவளையாக மாற்றித் தத்தித் தத்தி அலைய விடுவதா? அழைப்புச் சங்கிலி ஏமாற்றுக்காரர்களை முழுசாகத் தடுக்கவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. சங்கிலியில் இரண்டு மூன்று கைகள் தாண்டியதும் 'நண்பர்' என்பது நேற்று சேர்த்த ஒரு பெயராகிவிடுகிறது.

கதவுக்கு வெளியே நிற்பவர்கள்

இந்த முறையை நான் ஆதரிக்கிறேன். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, அதைச் சிலர்தான் கொடுக்கிறார்கள்.

நண்பர் பட்டியல் யாருக்குப் பெரிதாக இருக்கும்? பல வருடமாக ஸ்டீமில் இருப்பவருக்கு. ஸ்டீமில் சாதாரணமாக 250 நண்பர்கள் வரை சேர்க்கலாம், ஒவ்வொரு லெவலுக்கும் ஐந்து கூடும். லெவல் ஏற்ற விளையாட்டுகள் வாங்க வேண்டும், கார்டு சேர்க்க வேண்டும். ஸ்டீமில் ஐந்து டாலர்கூடச் செலவழிக்காத கணக்கோ வரையறுக்கப்பட்ட கணக்கு. அதிலிருந்து யாருக்கும் நண்பர் கோரிக்கையே அனுப்ப முடியாது. பகிரப்பட்ட கணினியில், இலவச விளையாட்டுகளை மட்டும் ஆடி வளரும் கல்லூரி மாணவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு ஆர்வமும் நேரமும் உண்டு, திறமையும் இருக்கலாம். ஆனால் அழைக்க ஆள் இல்லை, அழையுங்கள் என்று கோரிக்கை அனுப்பவும் வழி இல்லை. கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களுக்கு முதல் பந்தி, தெரிந்த முகம் இல்லாதவர் வாசலிலேயே நிற்பது மாதிரிதான் இது.

அவர் அழைப்புக்காக முன்பின் தெரியாதவர்களை நண்பராகச் சேர்க்கும்போது இன்னொரு ஆபத்தும் வருகிறது. ஸ்டீமில் நெடுநாளாக ஓடும் ஒரு மோசடி இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த 'நண்பர்' பதற்றத்தோடு எழுதுவார்: "ப்ரோ, சாரி, வேற ஒருத்தரை ரிப்போர்ட் பண்றதுக்குப் பதிலா தெரியாம உங்க அக்கவுண்ட்டை ரிப்போர்ட் பண்ணிட்டேன். உங்க அக்கவுண்ட் பேன் ஆகப்போகுது. இந்த ஸ்டீம் அட்மின்கிட்ட பேசுங்க." அட்மின் என்று சொல்லப்படுகிறவர் டிஸ்கார்டில் இருப்பார். ஸ்டீம் ஊழியர் யாரும் டிஸ்கார்டில் வந்து உங்களிடம் பேச மாட்டார். பேசப் போனால் மின்னஞ்சலை மாற்றச் சொல்வார், குறியீட்டைக் கேட்பார், கணக்கு கைவிட்டுப் போகும். அழைப்பு தருகிறேன், இந்த இணைப்பில் ஸ்டீமில் லாகின் செய்யுங்கள் என்பதும் அதே ரகம். டெட்லாக் அழைப்புக்கு எந்தத் தளத்திலும் லாகின் செய்யத் தேவையே இல்லை. ஸ்டீமுக்குள்ளேயே வந்து சேரும்.

நம் குழுவில் எப்படிப் பங்கிடுவது?

நிறுவனம் எந்த முறையைத் தேர்ந்தெடுக்கும் என்பது நம் கையில் இல்லை. ஆனால் கைக்கு வந்த இடங்களைக் குழு எப்படிப் பங்கிடுகிறது என்பது முழுக்க நம் கையில்தான். பல டிஸ்கார்ட் குழுக்களில் வழக்கமாக நடப்பது இதுதான்: அட்மின் பொது சேனலில் கீயைப் போடுவார், முந்துகிறவருக்குக் கிடைக்கும். இதைவிட மோசமான முறை இல்லை என்பேன். பொதுவில் விழும் ஸ்டீம் கீயை மனிதர் படிக்கும் முன்பே பாட் எடுத்துவிடும். அதைத் தவிர்க்க ஓர் எழுத்தை எடுத்துவிட்டுக் கேள்விக்குறி வைத்து, அந்த எழுத்தை ஒரு விடுகதையாகக் கொடுப்பவர்கள் உண்டு. கெட்டிக்காரத்தனம்தான், ஆனாலும் அந்த நேரத்தில் ஆன்லைனில் இருந்தவருக்குத்தான் கிடைக்கும். கலிஃபோர்னியாவில் காலை 10 மணிக்கு வரும் அறிவிப்பு, கோடைக்காலத்தில் நமக்கு இரவு 10:30. காலை ஷிஃப்ட் போகிறவர் அதற்குள் தூங்கியிருப்பார்.

குலுக்கல் அதைவிட நேர்மையானது. ஆனால் குழு விளையாட்டுக்குக் குலுக்கல் தனி ஆளாக நடந்தால் வாலரண்ட் ட்ராப்பின் அதே குறை வரும். பன்னிரண்டு இடம் இருந்தால் சிதறிய பன்னிரண்டு பேருக்குக் கொடுப்பதைவிட, சேர்ந்து ஆடும் இரண்டு அறுவர் அணிக்குக் கொடுப்பது நல்லது. அவர்கள் தினமும் ஆடுவார்கள், பிழைகளைக் கூடிப் பேசி எழுதுவார்கள், இடம் தூசு படிந்து கிடக்காது. பெயர் கேட்கும்போதே எந்த நேரத்தில் ஆடுவீர்கள், யாரோடு ஆடுவீர்கள் என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டால் பாதி வேலை முடிந்தது. சும்மா பெயர் கொடுத்தவர்கள் அந்த இரண்டு கேள்வியிலேயே ஒதுங்கிவிடுவார்கள்.

அட்மின்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொள்வதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது நல்லது. குழுவுக்காக உழைப்பவர் ஓர் இடம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். சந்தேகம் வருவது மறைக்கும்போதுதான். யாருக்குப் போனது என்ற பட்டியல் எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருக்கட்டும். கீயாக வந்தால், இரண்டு நாளில் பயன்படுத்தாவிட்டால் அடுத்தவருக்குப் போகும் என்று முன்பே சொல்லிவிடலாம். அழைப்புக்குக் காசு மட்டும் இல்லை, சேனலை சப்ஸ்கிரைப் செய், பத்துப் பேரைக் கூட்டிவா என்ற நிபந்தனைகளும் வேண்டாம். அவையும் விலைதான், டோட்டா 2 காலத்துச் சாவிக் கணக்கு வேறு உருவத்தில் வருகிறது, அவ்வளவே. கணக்கையே பகிர்ந்துகொள்ளலாமே என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். ஸ்டீமின் ஒப்பந்தமே அதை அனுமதிப்பதில்லை, ஒருவர் செய்யும் தவறுக்கு இன்னொருவரின் முழு நூலகமும் போகலாம்.

வெளியே நிற்கும் அந்த மாணவருக்கு என்ன வழி? எத்தனை இடம் வந்தாலும், ஆறில் ஒன்றையாவது குழுவில் யாருக்கும் தனிப்பட்ட முறையில் தெரியாத ஒருவருக்கு ஒதுக்கலாம். அவருக்கு நண்பர் கோரிக்கை அனுப்ப முடியாவிட்டால் நாம் அனுப்பலாம், ஏற்றுக்கொள்ளும் உரிமை அவர் கணக்கில் உண்டு. முதல் இரண்டு மூன்று மேட்ச் அவரோடு யார் ஆடுவது என்பதையும் அப்போதே பேசி முடிவு செய்யுங்கள். பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே அழைத்தவர் பெயரையும் எழுதுங்கள். அடுத்த பீட்டா வரும்போது, யாரை உள்ளே கூட்டிவரலாம் என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.